ஸ்பேனர் பிடித்த சிப்பாய்

யாங்கூன் நகருக்கு வடக்கே டாக்கியன் என்ற இடத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அங்கிருக்கும் ரங்கூன் நினைவகத்தின் தூண்களில், பர்மாப் போரில் இறந்து உடல் கிடைக்காமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தியப் பெயர்கள். கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைப் புரட்டினால் பல பெயர்களுக்கு எதிரே படை எண், பிரிவு, தந்தை பெயர், ஊர், மாவட்டம், சில இடங்களில் மனைவியின் பெயர்கூட இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படைகளில் இறந்தவர்கள் சுமார் 87,000 பேர். அதே படைகளில் சேர்ந்து உயிரோடு ஊர் திரும்பியவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். இறந்தவனுக்குக் கல்லிலோ ஏட்டிலோ ஒரு வரி கிடைத்தது; திரும்பி வந்தவனுக்கு, அவன் வீட்டுத் தகரப் பெட்டியில் மடித்து வைத்த விடுவிப்புச் சான்றிதழ் தவிர, பொதுவெளியில் ஒரு வரியும் இல்லை. அவர்களிலும் துப்பாக்கியைவிட ஸ்பேனரையே அதிக நேரம் கையில் வைத்திருந்த மெக்கானிக், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களைப் போர் வரலாறு அநேகமாகத் தொடுவதே இல்லை. தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் அவர்கள் ‘பராமரிப்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். தேசிய இயக்க வரலாற்றுக்கோ அவர்கள் அந்நியனிடம் சம்பளம் வாங்கியவர்கள்.

இந்த மனிதர்களை வீரம், துரோகம் என்ற இரண்டு தட்டுகள் மட்டும் கொண்ட தராசில் நிறுத்தினால் ஒன்றும் விளங்காது. போர்க்கால மெக்கானிக் விட்டுச் சென்ற தடயத்தைத் தேட வேண்டிய இடம் போர்க்களம் இல்லை. இந்தியாவில் கைத்தொழிலுக்கும் அரசுக்கும் இருந்த உறவு இவனைக் கொண்டுதான் மாறியது. அதுவரை இந்த நாட்டில் கைத்திறன் பெரும்பாலும் பிறப்பிலிருந்து வந்தது, அல்லது ஒரு மேஸ்திரியின் காலடியில் பல ஆண்டுகள் எடுபிடியாகக் கிடந்து வந்தது. அதைத் தேர்வு வைத்து அளந்தது அரிது. தரம் பிரித்துச் சான்று தந்ததும் அரிது. போர்தான் முதன்முதலாகப் பெரிய அளவில், எந்தக் குடும்பத்தில் பிறந்தவனையும் சில மாதங்களில் ஒரு தொழிலுக்குப் பழக்கலாம், அவன் திறனைச் சோதித்துத் தரப்படுத்தலாம், அந்தத் தரத்துக்கேற்பச் சம்பளம் தரலாம் என்ற நடைமுறையை அரசின் வேலையாக்கியது. இன்றைய தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் மூதாதை அந்த நடைமுறையே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அது தாராள மனத்தால் நடக்கவில்லை, நெருக்கடியால் நடந்தது, முழுமையாகவும் நடக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வாதம் நேர்மையாக இருக்கும்.

நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானவர். தென்னிந்தியச் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவனாகிவிட்டான் என்ற எண்ணத்தைக் கொள்கையாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ‘போர்க்குலம்’ என்ற அந்தக் கோட்பாட்டின்படி சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன; 1920களின் இறுதியில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயரே படைப்பட்டியலில் இல்லை. மகாராஷ்டிரத்தின் ‘தீண்டத்தகாத’ சாதியான மஹார்களுக்கும் அப்படித்தான் கதவு மூடப்பட்டது. தெற்கில் எஞ்சியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் பிரிவு. பாலம் கட்டவும் பாதை போடவும் சுரங்கத்துக்கு வெடி வைக்கவும் தெரிந்த அந்தப் படைவீரனைப் படை முழுவதும் ‘தம்பி’ என்றே அழைத்தது. இன்றும் அப்படித்தான் அழைக்கிறது. தென்னிந்தியர்களில் ‘தாழ்ந்த’ சாதியினருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் படையில் இடம் கொடுத்து வந்த பிரிவு அது. சண்டைக்கு ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்ட தமிழன் கருவியோடு வந்தால் மட்டும் படைக்குத் தேவைப்பட்டான் என்பது போருக்கு முன்பே தெரிந்த செய்திதான். போர் அந்த விதிவிலக்கைப் பொது விதியாக்கியது.

குதிரையிலிருந்து மோட்டாருக்கு இந்தியப் படை மாறியது மிகவும் பிந்தித்தான். முதல் குதிரைப்படைப் பிரிவுகள் குதிரைகளைக் கைவிட்டது 1938-ல். படையை இயந்திரமயமாக்க வேண்டும் என்று சாட்ஃபீல்டு குழு பரிந்துரைத்த 1939-ஆம் ஆண்டிலேயே போர் வெடித்தது. அப்போது ஏறக்குறைய 2 லட்சம் பேராக இருந்த படை, 1945-ல் முப்படைகளும் சேர்ந்து சுமார் 25 லட்சமாகப் பெருகியது. ஆளைப் பெருக்குவதைவிட வண்டியைப் பெருக்குவது எளிது. கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்த லாரிகள் கப்பல் கப்பலாக வந்தன. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் எங்கே? ‘போர்க்குலங்கள்’ என்று பட்டியலிட்ட கிராமங்களில் கார்புரேட்டரைக் கண்ணால் கண்டவர்களே அரிது. ஓரளவு பள்ளிப்படிப்பும், ரயில்வே பட்டறை, பஞ்சாலை, பஸ் கம்பெனி போன்ற பழக்கமும் கொண்ட மாகாணங்களைத் தேடித்தான் ஆளெடுப்பு அதிகாரிகள் போக வேண்டியிருந்தது. சென்னை மாகாணம் மிக அதிகமாக ஆள் அனுப்பிய மாகாணங்களில் ஒன்றானது இப்படித்தான். அரை நூற்றாண்டு காலக் கோட்பாட்டை ஒரு கிளட்ச் பிளேட் பொய்யாக்கிவிட்டது என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதைக் கைவிடும்படி எந்த விவாதமும் ராணுவத் தலைமையை அதற்கு முன் அசைத்ததில்லை.

ஆள் தேடும் வேலையைப் படை தனியாகச் செய்யவில்லை என்பதே இதில் முக்கியம். 1940-ல் தேசியச் சேவை (தொழில்நுட்பப் பணியாளர்) அவசரச் சட்டம் வந்தது. திறன் பெற்ற தொழிலாளியைப் போர்த் தொழிற்சாலைக்கு வரச் சொல்லி ஆணையிடும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. அதற்கெனத் தொழிலாளர் தீர்ப்பாயங்கள் அமைந்தன. யார் ஃபிட்டர், யார் டர்னர், யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்விகளை இந்திய அரசு சட்டபூர்வமாகக் கேட்கத் தொடங்கியது அங்கேதான். கூடவே தொழிலாளர் துறையின் பொறுப்பில் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. பொறியியல் கல்லூரிகள், ரயில்வே பட்டறைகள், தனியார் ஒர்க்‌ஷாப்புகள் என்று கிடைத்த இடமெல்லாம் பயிற்சி மையங்களாகின. பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரிலான திட்டத்தில் இந்திய இளைஞர்கள் சிறு சிறு அணிகளாகப் பிரிட்டனுக்கே சென்று அங்குள்ள தொழிற்சாலைகளில் பழகினார்கள். 1942 ஜூலையிலிருந்து 1946 வரை இந்தத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அம்பேத்கர். ராணுவச் சுபேதாரின் மகன். மஹார்களைப் படையிலிருந்து விலக்கியதன் வலியைக் குடும்பத்திலிருந்தே அறிந்தவர். பிறப்பு வழிப்பட்ட தொழிற்பிரிவினை தொழிலாளர்களையே பிரித்துவைக்கிறது என்று 1936-லேயே எழுதியவரின் கையில், யாருக்கும் எந்தத் தொழிலையும் கற்பிக்கலாம் என்ற அனுமானத்தில் இயங்கிய ஓர் அரசுத் திட்டம் வந்து சேர்ந்தது. அந்தத் திட்டத்தை அவர் உருவாக்கவில்லை. அதன் உள்ளுறை என்ன என்பதை அவரைவிட நன்றாக உணர்ந்திருக்கக்கூடியவர் அந்த அரசில் வேறு யாருமில்லை.

பயிற்சி முடித்தவன் போய்ச் சேர்ந்த உலகம் எப்படிப்பட்டது? பிரிட்டிஷ் படையில் பழுதுபார்ப்பு வேலை அதுவரை தளவாடம், போக்குவரத்து, பொறியாளர் என்று பல பிரிவுகளில் சிதறிக் கிடந்தது. திறமையான மெக்கானிக்குகள் வேறு வேலைகளில் வீணாவதைக் கண்டு, வில்லியம் பெவரிட்ஜ் தலைமையிலான குழு ஒன்று 1941-42-ல் அதை ஆராய்ந்தது. பிற்பாடு பிரிட்டனின் சமூகப் பாதுகாப்பு அறிக்கையை எழுதியவரும் இதே பெவரிட்ஜ்தான். அதன் விளைவாக 1942 அக்டோபரில் மின், இயந்திரப் பொறியாளர்களுக்கென அங்கே தனிப்படை பிறந்தது. 1943-ல் இந்தியாவிலும் அதே மாதிரியில் ஒன்று உருவானது. அந்தப் படையில் சிப்பாய் என்ற பதவிப்பெயர் இன்றும் இல்லை. அதற்கு இணையான பதவி ‘கிராஃப்ட்ஸ்மேன்’, அதாவது கைவினைஞர். ஒரு மனிதனின் ராணுவ அடையாளமே அவன் கைத்தொழிலின் பெயராக மாறியது சாதாரண மாற்றமில்லை. தொழில்கள் மூன்று தரங்களாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொரு தரத்துக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. தேறினால் சம்பளம் உயரும். அந்தத் தேர்வு மேசையில் வைத்த இரும்புத் துண்டை அளவு பிசகாமல் அரத்தால் ராவித் தருபவனிடம் ‘உன் அப்பா என்ன தொழில்’ என்று கேட்க அளவுகோலுக்கு வழியில்லை.

வேலையும் படிநிலைகளாகவே பிரிந்திருந்தது. முன்னணியில் சண்டைப் பிரிவோடு ஒட்டிப் போகும் சிறு குழு ஒன்று இருக்கும். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் மாற்றுவது, பேட்டரியை ஏற்றுவது, சேற்றில் புதைந்த வண்டியை இழுத்து வெளியே எடுப்பது அதன் பொறுப்பு. அதற்குப் பின்னால் லேத், ஜெனரேட்டர், வெல்டிங் சாமான்களை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு நகரும் ஒர்க்‌ஷாப். இன்னும் பின்னால், என்ஜினை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கும் நிலையான பட்டறைகள். முன்னணியில் ஒரு என்ஜின் படுத்துவிட்டால் அதைப் பிரித்து உட்கார நேரமில்லை. கழற்றிப் பின்னால் அனுப்பிவிட்டு வேறொன்றை மாட்டவேண்டும். இரண்டு உடைந்த வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றை உண்டாக்குவது அன்றாடக் கலை. திமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து இம்பாலுக்குப் போகும் மலைப்பாதை 200 கிலோமீட்டருக்கும் மேல். மழைக்காலத்தில் மண் சரிந்து கொண்டேயிருக்கும் அந்தப் பாதையில் லாரிகள் ஓடினால்தான் பர்மா முனையில் போரிட்ட 14-ஆம் படைக்கு அரிசியும் குண்டும் போய்ச் சேரும். இந்தப் போரை அப்படையின் தளபதி ஸ்லிம் போன்றவர்கள் பெரும்பாலும் போக்குவரத்துப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். அப்படியானால் அதைத் தீர்த்தவர்களின் வரிசையில் மெக்கானிக்கின் இடம் எங்கேயென்று சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் உண்மையில் சிப்பாய்கள்தானா, சீருடை போட்ட தொழிலாளர்கள்தானே என்று கேட்கலாம். பர்மா முனையில் அந்தப் பிரிவினை நிற்கவில்லை. காட்டுப் போரில் முன்னணி, பின்னணி என்ற கோடு கிடையாது. பின்னால் இருக்கும் பிரிவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்படையின் பயிற்சி விதிகளில் ஒன்று. 1944 பிப்ரவரியில் அரக்கான் பகுதியில், 7-ஆம் இந்திய டிவிஷனின் நிர்வாகப் பகுதியை ஜப்பானியர் சுற்றி வளைத்தார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் நீடித்த அந்த முற்றுகையில் குமாஸ்தாக்களும் ஓட்டுநர்களும் பட்டறை ஆட்களும் மருத்துவப் பணியாளர்களும் பதுங்குகுழிகளில் இறங்கிச் சுட வேண்டியிருந்தது. குண்டைவிடக் கொசு கொடிது என்பதும் உண்மை. 1943-ல் அந்த முனையில் காயம்பட்டு வெளியேறிய ஒருவருக்கு, மலேரியா, வயிற்றுக்கடுப்பு முதலிய நோய்களால் வெளியேறியவர்கள் 120 பேர் என்று ஸ்லிம் கணக்குச் சொல்கிறார். நோய் ஆளின் பதவிப்பெயரைப் பார்ப்பதில்லை. ஆபத்தில் சமபங்கு இருந்தும் மதிப்பில் சமபங்கு இல்லை. போருக்குப் பிந்தைய மறுவாழ்வு நிதிக்கு, போரிடும் பிரிவில் இருந்தவனுக்காக மாதம் 2 ரூபாயும் போரிடாப் பிரிவில் பதிந்தவனுக்காக 1 ரூபாயும் அரசு ஒதுக்கியது. சமையற்காரனும் துப்புரவாளனும் அந்த இரண்டாம் கணக்கில் அடங்கினார்கள். மெக்கானிக் முதல் கணக்கை எட்டியதே கைத்திறனுக்குக் கிடைத்த சமூக உயர்வுக்கு ஒரு சான்று. மற்றவர்கள் எட்டாமல் போனது அந்த உயர்வின் எல்லைக்குச் சான்று.

பதிவேடு யாரை நினைவில் வைத்தது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 1942-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது சிந்த்வின் ஆற்றங்கரையில் டாங்கிகளை அழித்துவிட்டுத்தான் படை ஆற்றைக் கடந்தது. ‘கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து’ என்ற பெயர் கொண்ட ஒரே ஒரு ஸ்டூவர்ட் டாங்கி மட்டும் தெப்பத்தில் கரை சேர்ந்தது. மேல்கோபுரம் நீக்கி மாற்றியமைக்கப்பட்ட அதே டாங்கி, 7-ஆவது லைட் கேவல்ரியின் தளபதி வண்டியாக 1945-ல் பர்மாவுக்கே திரும்பியது. அந்த ரெஜிமெண்ட் பழைய சென்னைக் குதிரைப்படையின் வழித்தோன்றல் என்பது கூடுதல் செய்தி. டாங்கிக்குப் பெயருண்டு, பயணக்கதை உண்டு. மூன்றாண்டுகள் அதை ஓடும் நிலையில் வைத்திருந்த கைகளுக்கு எந்தக் கதையிலும் பெயரில்லை. போரைப் பற்றிய நல்ல இந்திய நூல்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2015-ல் வெளிவந்த ரகு கர்நாடின் ‘ஃபார்தெஸ்ட் ஃபீல்ட்’ மறக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களை மீட்ட முக்கியமான புத்தகம். அதன் மையத்தில் இருக்கும் மூவருமே படித்த குடும்பத்து அதிகாரிகள். ஆசிரியரின் குறையில்லை இது. கடிதமும் புகைப்படமும் எந்த வீட்டில் மிஞ்சின என்பதே வரலாற்றை எழுதவைக்கிறது.

தொழில் கற்ற சிப்பாய் தன் மதிப்பை அறிந்திருந்தான் என்பதற்கு 1946 சான்று. பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் கடற்படைக் கிளர்ச்சி தொடங்கிய தல்வார், ஒரு தகவல்தொடர்புப் பயிற்சி நிலையம். அதே மாத இறுதியில் ஜபல்பூரில் வெளிநடப்புச் செய்த சுமார் 1,700 பேரும் சிக்னல் படைப் பயிற்சி மையத்தைச் சேர்ந்தவர்கள். மோசமான சாப்பாடு, இழிவான பேச்சு, பிரிட்டிஷ் ஆளுக்கும் இந்தியனுக்கும் வேறு வேறு சம்பளம் ஆகியவை அவர்களின் குறைகள். இவற்றைத் தேசிய உணர்ச்சி என்று மட்டும் படிப்பது வழக்கம். அது இருந்தது, இந்திய தேசிய ராணுவ வழக்குகள் கிளப்பிய கொதிப்பும் இருந்தது. ஆனாலும் கிளர்ச்சி முதலில் வெடித்த இடங்கள் தொழில்நுட்பப் பிரிவுகளாக இருந்ததைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஒரே கருவியை ஒரே தரத்தில் கையாளும் இருவருக்கு இரண்டு விதமான மரியாதை என்பது, தரம் அளந்து சான்று தந்த அமைப்புக்குள்ளேயே ஒரு முரண். அந்த முரணை மற்ற யாரையும்விட முதலில் பார்த்தது அளக்கப்பட்டவன்தான்.

போர் முடிந்ததும் வந்த கேள்வி, இத்தனை பேரையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது. தொழில்நுட்பப் பணியாளர்களுக்கென 1943-லேயே சில வேலைவாய்ப்பு நிலையங்கள் திறந்திருந்தார்கள். 1945 ஜூலையில், கலைக்கப்பட்ட படைவீரர்களையும் போர்த் தொழிலாளர்களையும் குடிவாழ்வில் அமர்த்துவதற்கென ஓர் இயக்ககமே அமைந்தது. பிரிவினைக்குப் பிறகு அகதிகளையும், 1948-லிருந்து வேலை தேடும் அனைவரையும் அது பதிந்துகொண்டது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் போய்ப் பதிந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பிறப்புக்கதை இதுதான். போர்க்காலப் பயிற்சித் திட்டத்தின் தொடர்ச்சியாக, 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ. அதன் குழந்தை. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்ற அதே பிரிவுகள், அதே செய்முறைத் தேர்வு, அதே சான்றிதழ். சென்னை மாகாணத்தில் மறுவாழ்வு நிதியைக் கொண்டு முன்னாள் படைவீரர்களின் மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. முப்படையில் கற்ற கை, ஊருக்குள் பஸ் ஓட்டியது இப்படியும்தான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, பசிதான் இவர்களைப் படையில் சேர்த்தது, தொழிலும் சான்றிதழும் அறிஞர்கள் பின்னால் ஏற்றும் அர்த்தங்கள் என்பது. 1943 வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்ட காலம் அது. தெற்கிலும் அரிசித் தட்டுப்பாடு கடுமை. மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் பெரிய ஈர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவன் ஏன் சேர்ந்தான் என்பதும், சேர்ந்ததால் என்ன ஆனான் என்பதும் வெவ்வேறு கேள்விகள். பசியால் சேர்ந்தவன் சோற்றோடு மட்டும் திரும்பவில்லை. அவனை அனுப்பிய அரசின் நோக்கம் ஏகாதிபத்தியத்தைக் காப்பது என்பதும், அந்த நோக்கத்துக்காக அது கட்டிய பட்டறை அதன் எதிரிகளுக்கும் பயன்பட்டது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. தமிழகத்தின் இயந்திர அறிவு போருக்கு முந்தியது. பெரம்பூர் ரயில்வே பட்டறை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, டி.வி.எஸ். 1911-ல் தொடங்கியது, கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பஸ் கம்பெனி 1920-ல், பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளி 1926-ல், உள்நாட்டில் செய்த மின்மோட்டார் 1937-ல் வந்தன. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவால் பஸ் ஓட்டிய வித்தையும் படைக்கு வெளியே, ஊர்ப் பட்டறைகளில் வளர்ந்ததுதான். போர் கற்பித்ததோ உதிரிப்பாகத்தை மாற்றும் குறுகிய பழக்கம். என்ஜினின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லும் மேஸ்திரியின் ஞானம் அதில் வராது. இது முற்றிலும் சரி. போர் திறனை உண்டாக்கியது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த திறனுக்கு அது ஒரு பொது நாணயத்தை அச்சிட்டுத் தந்தது. மேஸ்திரியின் ஞானம் ஆழமானது, ஆனால் அவர் பட்டறைக்கு வெளியே செல்லாது. அவர் யாரைச் சேர்த்துக்கொள்கிறாரோ அவனுக்கே கிட்டும். சான்றிதழ் மேலோட்டமானது, ஆனால் பெரம்பூரில் வாங்கியது புனாவிலும் செல்லும். யாருக்கு உறவுக்காரர் ஒருவரும் பட்டறை வைத்திருக்கவில்லையோ, அவனுக்கு அந்த மேலோட்டமே வாசல்.

மூன்றாவது, சாதி ஒழிந்துவிடவில்லையே என்பது. ஒழியவில்லை. பயிற்சியில் சேர ஓரளவு எழுத்தறிவு வேண்டியிருந்ததால், பிறப்பு என்ற தடையின் இடத்தில் படிப்பு என்ற தடை வந்து நின்றது. அந்தப் படிப்பே பிறப்பைச் சார்ந்திருந்த காலம் அது. கைவேலை செய்பவனை ஐ.டி.ஐ. என்ற சொல்லாலேயே ஒரு படி கீழே வைக்கும் மனநிலையை இன்றும் பார்க்கிறோம். போருக்காக மட்டும் சேர்ந்து 15 ஆண்டுச் சேவையை எட்டாமல் விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. மாநில அரசுகள் பின்னாளில் தந்த உதவித்தொகையே பலருக்கு முதுமையில் ஆதாரம். ஆகவே இதை விடுதலைக் கதையாக எழுத முடியாது. பிறப்பைக் கேட்காமல் ஒரு மனிதனின் கையை மட்டும் அரசு சோதித்துப் பார்த்தது என்ற முன்னுதாரணம் ஒருமுறை உருவாகிவிட்டது. பிறகு அதை இல்லாமலாக்க முடியவில்லை என்ற அளவில்தான் எழுத முடியும்.

இந்த வரலாற்றுக்கு ஆதாரம் டாக்கியன் தூண்களில் கிடைக்காது. செகந்திராபாதில் உள்ள மின், இயந்திரப் பொறியாளர் படையின் ஆவணக் காப்பகத்தில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் பழைய விண்ணப்பங்களில், கூட்டுறவுத் துறையின் கோப்புகளில், பேரப்பிள்ளைகளின் வீட்டுப் பரணில் அது கிடக்கிறது. அந்தப் பரணிலிருந்து எடுக்கும் மங்கிய காகிதத்தில் குடும்பத்தார் முதலில் தேடுவது எந்தப் போர்முனை, எந்தப் பதக்கம் என்பதைத்தான். ஆய்வாளரின் கண் நிற்க வேண்டிய கட்டம் வேறு: தொழில் என்ன, தரம் எத்தனை. அந்த மனிதனின் முன்னோர் தலைமுறைகளில், இன்னாரின் மகன் என்றோ இன்ன சாதி என்றோ மட்டுமே அரசின் ஏடுகள் குறித்துவைத்திருந்தன. அவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டு, சோதித்து, எழுதிக் கையெழுத்திட்ட முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.